சூனியக்காரி: ஒரு பெயர் வந்த வழி

"ஐயா, விக்காங்கறதுக்குத் தமிழ்ல என்னங்க?"

துடியலூரில் மேட்டுப்பாளையம் சாலையோரம் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது பழைய மாணவி ஒருத்தி கேட்டாள். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற குடும்பம். கல்லூரிக்குப் போன பிறகு மேல்நாட்டு விக்கா சமயத்தைப் பற்றி விரும்பிப் படிக்கத் தொடங்கியிருக்கிறாள். வளர்பிறைக்கும் தேய்பிறைக்கும் ஏற்ற சடங்கு, ஆண்டில் எட்டுப் பருவத் திருநாள், ஆண் தெய்வத்தோடு ஒரு பெண் தெய்வம், பச்சிலை, மெழுகுவத்தி. இயேசுவையும் விடாமல் இதையும் வைத்துக்கொள்ளலாமா என்பதுதான் அவள் மனதில் இருந்த கேள்வி. என்னிடம் அதைக் கேட்கவில்லை, சொல்லை மட்டும் கேட்டாள். "எங்க அம்மாயிகிட்டச் சொல்லோணுங்க. சூனியக்காரின்னு சொன்னா வெளக்கமாத்த எடுத்துக்குவாங்க. வேற வார்த்தை இருக்குதுங்களா?"

பஸ் வந்துவிட்டது. அவள் ஏறிப் போனாள். அந்தச் சொல்லைத் தேடிக்கொண்டே நான் வீட்டுக்கு நடந்தேன். தேடத் தேட, அவள் கேட்ட கேள்வியும் கேட்காத கேள்வியும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பது தெரிந்தது.

முதலில் சூனியம். இது வடசொல். 'சூன்ய' என்றால் வெறுமை, ஒன்றுமில்லாதது. பௌத்தர்கள் இந்தச் சொல்லைத் தங்கள் மெய்யியலின் உச்சியில் வைத்தார்கள். இந்தியக் கணக்கியல் இதே சொல்லால் பூச்சியத்தைக் குறித்தது. இத்தனை பெருமையோடு இருந்த சொல் தமிழ்ப் பேச்சுக்குள் வந்து, எலுமிச்சம்பழத்திலும் வாசற்படி மண்ணிலும் ஒளிந்துகொண்டது எப்படி? எனக்குத் தோன்றுகிற வழி இது. வெறுமை என்ற பொருள் தமிழில் பாழ் என்ற பொருளாக இறங்கியது. "அந்தக் குடும்பமே சூனியமாப் போச்சு" என்று இன்றும் சொல்கிறோம். பாழ் என்ற நிலையைக் குறித்த சொல், பிறகு பாழாக்கும் வினையைக் குறித்தது. அதனால்தான் சூனியத்தை 'வைக்கிறார்கள்', 'எடுக்கிறார்கள்'. முடி, காலடி மண், பொம்மை என்று கையால் தொட்டு மண்ணில் புதைக்கக்கூடிய ஒரு பொருளாக வெறுமை உருமாறியிருக்கிறது.

அடுத்து '-காரி'. பூக்காரி, கீரைக்காரி, பால்காரி. இவையெல்லாம் தெருவில் நின்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற பெயர்கள். சூனியக்காரியைக் கூப்பிட்டுப் பாருங்கள், யாரும் திரும்ப மாட்டார்கள். எனக்குச் சூனியம் வைத்துவிட்டார்கள் என்று சொல்ல ஊருக்குப் பத்துப் பேர் உண்டு. நான் சூனியம் வைக்கிறவள் என்று சொல்ல ஒருத்தியும் இல்லை. தொழிற்பெயர்போல ஒலிக்கும் குற்றச்சாட்டு அது. மந்திரவாதிகளின் விளம்பரத் தட்டிகளில்கூடச் சூனியம் 'எடுக்கப்படும்' என்றுதான் இருக்கும், 'வைக்கப்படும்' என்று இருக்காது. இந்தக் குற்றச்சாட்டு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வடக்கே சான்று உண்டு. 'டாயன்' என்று பெயர் சூட்டிப் பெண்களை அடித்துக் கொல்வதைத் தடுக்க பீகார் 1999இலும் ஜார்க்கண்ட் 2001இலும் தனிச்சட்டம் கொண்டுவர நேர்ந்தது. ஐரோப்பாவில் பதினைந்தாம் நூற்றாண்டு தொடங்கி பதினெட்டாம் நூற்றாண்டு வரை இதே குற்றச்சாட்டில் கொல்லப்பட்டவர்கள் 40,000 முதல் 50,000 பேர் வரை இருப்பார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் கணக்கிடுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

ஆனால் தமிழில் இந்த இடத்தில் எப்போதும் வசைச்சொல்தான் இருந்ததா? இல்லை. சங்கப் பாடல்களில் 'அகவன்மகள்' இருக்கிறாள். குறுந்தொகையில் ஔவையார் ஒரு பாடலில் அவளை விளித்துப் பேசவைக்கிறார். நரைத்த தலையுடைய முதியவள், குறி சொல்லிப் பாடுகிறவள். அகவுதல் என்றால் அழைத்தல். தெய்வத்தை அழைத்துப் பாடுகிறவள் என்பது அவள் பெயரின் பொருள். முறத்தில் நெல்லைப் பரப்பிக் கட்டுப் பார்த்துக் குறி சொன்னவள் 'கட்டுவிச்சி'. சிலப்பதிகாரத்தின் வேட்டுவ வரியில் தெய்வமேறி ஆடுகிறவள் 'சாலினி'. உரைகாரர்கள் அவளைத் 'தேவராட்டி' என்றார்கள். ஒருத்தி மேலும் வெறுப்பு இல்லை. மகள் நோய்க்குக் காரணம் தெரியாத தாய் இவர்களை வீட்டுக்கு அழைத்தாள், நெல்லை முன்னால் வைத்தாள், சொன்னதைக் கேட்டாள்.

பேய் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். காரைக்கால் அம்மையார் தம்மைக் 'காரைக்காற்பேய்' என்று தாமே தம் பாடலில் பெயரிட்டுக்கொண்டார். அழகை உதறி, சுடுகாட்டில் ஆடும் சிவனின் காலடியில் இருக்கும் பேயுருவைக் கேட்டு வாங்கிக்கொண்டவர். ஊர் அஞ்சி விலகிய சொல்லை ஒரு பெண் எடுத்துத் தன் பெயராக்கினாள். சிவன் கோயில்களில் நாயன்மார் வரிசையில் மற்றவர்கள் நிற்க, அவர் மட்டும் அமர்ந்திருப்பதை நாம் இன்றும் பார்க்கிறோம்.

எங்கள் ஊர்ப்பெயருக்குள்ளும் இந்தச் செய்தி ஒலிக்கிறது. துடியலூரைத் துடிசை என்றும் சொல்வார்கள். தமிழறிஞர் அ. சிதம்பரனார் துடிசைகிழார் என்று ஊர்ப்பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். துடி என்பது இடை சுருங்கிய சிறுபறை, உடுக்கையின் உறவு. துடிப்பது துடி. தொல்காப்பியம் வெட்சித்திணையில் 'துடிநிலை' என்று ஒரு துறையே வகுத்தது. அதைக் கொட்டியவன் துடியன். புறநானூறு அவனைப் பழங்குடிகளில் ஒருவனாக எண்ணுகிறது. முருகன் ஆடிய கூத்துக்கும் துடி என்றே பெயர். கொங்கு நாட்டில் அண்ணன்மார் கதையை உடுக்கை அடித்துத்தான் பாடுகிறார்கள். அந்த ஓசை ஏறும்போது கேட்கிறவர்களில் சிலர் உடல் துடித்துச் சாமி வந்து ஆடுவார்கள். கேட்டதை உடனே தரும் தெய்வத்தைத் 'துடியான சாமி' என்கிறோம். பறை, நடுக்கம், அருள் மூன்றையும் ஒரே சொல்லுக்குள் வைத்த மொழி இது. இதே ஊர் விருந்தீஸ்வரர் கோயிலில், பசியோடு வந்த சுந்தரருக்குச் சிவன் விருந்து படைத்த கதையைச் சொல்வார்கள். விருந்து வைக்கும் சாமியும் துடிக்க வைக்கும் சாமியும் ஒரே ஊரில் இருப்பதில் எங்களுக்கு வியப்பில்லை.

இந்தச் சொற்களின் நடுவே விவிலியம் வந்து இறங்கியது. மறைப்பணியாளர் சீகன்பால்கு தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டை 1715இல் அச்சிட்டு முடித்தார். அதற்கு இரண்டாண்டு முன்னமே தென்னிந்தியத் தெய்வங்களின் வரிசையை, ஊர்க்காவல் அம்மன்கள் உட்பட, அவர் தனி நூலாக எழுதி முடித்திருந்தார். ஐரோப்பாவில் அதை அச்சிட அப்போது யாரும் முன்வரவில்லை, 1867இல்தான் வெளிவந்தது. எதிர்க்கவேண்டியதை முதலில் அறிந்துகொள்ளவேண்டும் என்று நினைத்தவர் அவர். பின்னர் ஃபெப்ரீசியுசும், 1871இல் வந்த ஐக்கிய மொழிபெயர்ப்பைச் செய்த ஹென்றி பவர் குழுவும் அந்த வேலையைத் தொடர்ந்தார்கள். எபிரேய மொழியில் விலக்கப்பட்ட தொழில்களுக்குத் தமிழ்ப்பெயர் தேடவேண்டி வந்தபோது, அவர்கள் கைக்கு அகப்பட்டவை நம் ஊர்ச் சொற்கள்தான்.

உபாகமம் பதினெட்டாம் அதிகாரத்தின் விலக்குப் பட்டியலைத் திறந்து பாருங்கள். குறி சொல்லுதல், நாள் பார்த்தல், அஞ்சனம் பார்த்தல், சன்னதம் எல்லாம் அங்கே இருக்கின்றன. கானானியரைக் கண்டிக்க எழுதிய பட்டியல் தமிழில் அடுத்த தெருவின் பட்டியலாகிவிட்டது. சவுல் அரசன் மாறுவேடமிட்டு இரவில் தேடிப்போன எந்தோர்ப் பெண்ணும் தமிழில் அஞ்சனம் பார்க்கிற பெண் ஆகிவிட்டாள். வெற்றிலையில் மை தடவிக் காணாமற்போன நகையைச் சொல்லும் நம்மூர்க்காரியின் சாயல் அவள் முகத்தில் விழுந்தது. யாத்திராகமத்தின் இருபத்திரண்டாம் அதிகாரத்தில் கொலைத்தண்டனை சொல்லும் இடத்துக்குத் தேர்ந்தெடுத்த சொல்தான் சூனியக்காரி. அந்த ஒரு சொல் கிறிஸ்தவத் தமிழர் மனதில் அச்சமாக உட்கார்ந்துவிட்டது.

எபிரேயத்தில் அந்த இடத்தில் இருப்பது 'மெகஷ்ஷேபா' என்ற பெண்பாற்சொல். கிறிஸ்துவுக்கு முன்னரே அதைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் 'ஃபார்மகோஸ்' என்ற சொல்லின் பன்மையைப் போட்டார்கள். 'ஃபார்மகோன்' என்றால் மருந்து, நஞ்சும் அதே. மருந்துக்கடைக்கு ஐரோப்பியர் வைத்த 'ஃபார்மசி' என்ற பெயர் அதே வேரில் முளைத்தது. 1584இல் ரெஜினால்டு ஸ்காட் என்ற ஆங்கிலேயர், அந்த வசனம் நஞ்சிட்டுக் கொல்பவரைப் பற்றியது, அதைக் கொண்டு ஏழைக் கிழவிகளைத் தூக்கிலிடுவது கொடுமை என்று ஒரு பெரிய நூலே எழுதினார். ஆனால் 1611இன் ஆங்கில விவிலியம் எந்த அரசரின் பெயரால் வெளிவந்ததோ, அந்த ஜேம்ஸே சூனியத்துக்கு எதிராக 1597இல் நூல் எழுதியவர். ஆங்கிலத்தில் 'விட்ச்' நின்றுவிட்டது.

கொங்குத் தமிழில் "அவனுக்கு மருந்து வெச்சுட்டாங்க" என்றால் யாரும் மருந்துக்கடையை நினைப்பதில்லை. சோற்றில் கலந்து கொடுக்கும் இடுமருந்து அது. வசியத்துக்கும் கேட்டுக்கும் வைப்பது. ஆற்றுகிற பொருளுக்கும் அழிக்கிற பொருளுக்கும் ஒரே பெயர் வைத்ததில் கிரேக்கரும் நாமும் ஒத்திருக்கிறோம். கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் பவுல் கண்டிக்கும் தீமைகளில் ஒன்று 'ஃபார்மகேயா'. தமிழில் அது 'பில்லிசூனியம்' ஆனது. மருந்து என்ற வேர் அங்கே முழுக்க மறைந்துவிட்டது. மொழிபெயர்த்தவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. 'மருந்து வைத்தல்' என்று போட்டிருந்தால் வைத்தியர்கள் பாடு திண்டாட்டமாகியிருக்கும். ஆனாலும் அந்த வேர் தெரிந்தால், பச்சிலை அறிந்த பெண்ணையும் நஞ்சிட்டவளையும் ஒரே பெயரால் அடித்த வரலாறு புரியும்.

இன்னொரு சொல் இதைவிட அழகானது. இயேசு பிறந்தபோது விண்மீனைப் பார்த்துக்கொண்டு கிழக்கிலிருந்து வந்தவர்களைக் கிரேக்க மூலம் 'மாகோஸ்' என்ற சொல்லால் குறிக்கிறது. மாந்திரீகத்துக்கு ஐரோப்பிய மொழிகளில் உள்ள 'மேஜிக்' அந்தச் சொல்லின் வழி வந்ததுதான். பழைய தமிழ் விவிலியத்தில் அவர்கள் சாஸ்திரிகள். 1995இன் பொது மொழிபெயர்ப்பில் ஞானிகள். அப்போஸ்தலர் நடபடிகளில் பவுலை எதிர்த்து நின்றவனும் மூலத்தில் அதே 'மாகோஸ்'தான். தமிழில் அவன் மட்டும் மாயவித்தைக்காரன். நாள் பார்த்தவர்களும் கோள் பார்த்தவர்களும் குழந்தையின் முன் மண்டியிட்டபோது அவர்களுடைய பெயர் நல்ல பெயர் ஆயிற்று. என் மாணவி இதைத் தெரிந்துகொள்ளவேண்டும் என்று மிகவும் விரும்பினேன். மாற்றியது அவர்களுடைய வித்தையா, அவர்கள் யார் முன் குனிந்தார்கள் என்பதா?

கத்தோலிக்கத் தமிழில் கதை வேறு திசையில் ஓடியது. ராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரைக்கு வந்து காவி உடுத்தி, மரக்கறி உண்டு, தமிழும் வடமொழியும் கற்று எழுதத் தொடங்கினார். அவர் காலத்துக்குப் பின்னும் நிலைத்த வழக்கம், நாட்டில் இருக்கும் சொல்லையே கோயிலுக்குள் அழைத்துக்கொள்வது. பலி ஒப்புக்கொடுப்பது பூசை. குரு, சாமியார். மாதாவுக்குத் தேர், கொடியேற்றம். எல்லாவற்றையும்விட வியப்பானது மந்திரம். இயேசு கற்பித்த செபம் பரலோக மந்திரம். மரியாளை வாழ்த்துவது பிரியதத்த மந்திரம். நம்பிக்கை அறிக்கை விசுவாச மந்திரம். சாமியார் வீட்டை மந்திரிப்பார், செபமாலையை மந்திரிப்பார், தண்ணீரை மந்திரிப்பார். மந்திரவாதியை விலக்கிய அதே சமயம் மந்திரத்தை மடியில் வைத்துக்கொண்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பூசை திருப்பலி ஆனது, மந்திரம் செபம் ஆனது. செபமும் வடமொழி 'ஜபம்' என்பது வேறு செய்தி. வயதானவர்கள் நாவில் பழைய சொல்தான் இன்னும் இருக்கிறது.

சொல்லை எடுத்துக்கொள்ளலாம் என்றால் சடங்கை எடுத்துக்கொள்ளலாமா? தாலியை? சந்தனத்தை? இந்தக் கேள்விக்காக உரோமையில் நூறாண்டுக்கும் மேல் வழக்கு நடந்தது. 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி பூணூல், குடுமி, சந்தனம் போன்றவற்றுக்கு இடம் கொடுத்தார். 1704இல் தூர்னோன் என்ற திருத்தந்தைத் தூதர் புதுச்சேரியில் தடைப்பட்டியல் எழுதினார். பிள்ளையார் உரு பொறித்த தாலி கூடாது, திருமணத்தில் தேங்காய் உடைத்தல் கூடாது, பெண் பூப்பெய்தியதைக் கொண்டாடல் கூடாது, சாம்பல் பூசுதல் கூடாது. 1744இல் பதினான்காம் பெனடிக்ட் அதை உறுதிசெய்தார். இங்கே வந்த ஒவ்வொரு மறைப்பணியாளரும் இதற்கு உறுதிமொழி எடுக்கவேண்டியிருந்தது. இதில் மறைக்கக்கூடாத ஒன்று உண்டு. இந்த வழக்குக்கு வைத்த 'மலபார்ச் சடங்குகள்' என்ற பெயருக்குள் சாதியும் பதுங்கியிருந்தது. பறையர் வீட்டுக்குள் சென்று நோயாளிக்கு அருட்சாதனம் கொடுக்கத் தயங்கிய பழக்கத்தையும் அந்தப் பட்டியல் கண்டித்தது. தேங்காயும் தீண்டாமையும் ஒரே பட்டியலில். இரண்டுக்கும் ஒரே பெயர் சூட்டியது பெரும் பிழை என்பேன். ஒன்று பண்பாடு, மற்றது பாவம்.

அந்தக் கேள்வி கோயம்புத்தூருக்கும் வந்தது, ஓர் ஆயரின் மனச்சான்றுக்குள் புகுந்தது. மெல்கியோர் தெ மரியோன் பிரெசியாக், 1813இல் பிரான்சில் பிறந்தவர், 1842இல் இந்தியா வந்தவர். துடியலூரிலிருந்து கிழக்கே, அவிநாசி போகும் வழியில் இருக்கும் கருமத்தம்பட்டியில், செபமாலை அன்னை ஆலயத்தில், 1846 அக்டோபர் 4ஆம் நாள் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். 1850இல் கோயம்புத்தூர் மறைவட்டத்தின் முதல் பொறுப்பாளர் ஆனார். இந்நாட்டு இளைஞர்களே குருக்களாகவேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தவர். சடங்குகளைப் பற்றி எடுத்த உறுதிமொழிதான் அவரை விடாமல் அரித்தது. கண்முன் நடக்கும் வழக்கங்களில் எது வெறும் ஊர்வழக்கம், எது வேறு தெய்வத்துக்குச் செய்யும் வழிபாடு? தெளிவு கேட்டு உரோமைக்கு எழுதினார், நேரிலும் போனார். மனம் அமைதி கொள்ளும் பதில் கிடைக்கவில்லை. பதவியை விட்டார், 1855இல் விலகல் ஏற்கப்பட்டது. அடுத்த ஆண்டு லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைபணிச் சபையைத் தொடங்கினார். 1859இல் சியரா லியோனின் ஃப்ரீடவுனில் காய்ச்சலில் இறந்தார். அந்த உறுதிமொழியை உரோமை 1940இல் கைவிட்டது.

இரண்டு நம்பிக்கைகளை ஒருவர் சேர்த்து வைக்கலாமா என்பதை இன்றைய பிள்ளைகளின் பொழுதுபோக்குக் கேள்வியாக நினைப்பவர்களுக்கு நான் பிரெசியாக்கைக் காட்டுவேன். அந்தக் கேள்விக்காக ஒரு மனிதர் எங்கள் மாவட்டத்தில் ஆயர் பதவியையே இழந்திருக்கிறார்.

இனி விக்கா. பழைய ஆங்கிலத்தில் 'விச்சா' ஆண்பால், 'விச்சே' பெண்பால். சூனியம் செய்பவரைக் குறித்தவை. 'விட்ச்' அவற்றின் பிள்ளை. இங்கிலாந்தின் பழைய சூனியச் சட்டம் 1951இல் நீக்கப்பட்டது. 1954இல் ஜெரால்டு கார்ட்னர் என்பவர் ஒரு நூல் வெளியிட்டு, இப்படி ஒரு சமயம் இருக்கிறது என்று வெளிப்படையாக எழுதினார். அந்தப் பழஞ்சொல்லைத் தூசு தட்டிச் சூட்டிக்கொண்டார்கள். கார்ட்னர் 1900இல் பதினாறு வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர். பிறகு போர்னியோ, மலாயா. 1936 வரை அவர் வாழ்க்கை பெரிதும் இந்தப் பக்கத்தில்தான். நம் மக்கள் கொழுந்து பறித்த மலைகளும் ரப்பர்ப் பால் வெட்டிய தோட்டங்களும் அவர் நடமாடிய இடங்கள். விக்கா தொல்காலத்திலிருந்து அறுபடாமல் வந்த சமயம் என்று சிலர் சொல்வதை வரலாற்றாசிரியர்கள் ஏற்பதில்லை. இருபதாம் நூற்றாண்டில் பிறந்த புதுச் சமயம் அது. அதனால் அது தாழ்ந்துவிடவில்லை. அடித்தவர்கள் கொடுத்த பெயரை அடிபட்டவர்கள் சார்பில் எடுத்துச் சூடிக்கொண்ட துணிவு அதில் இருக்கிறது. அந்தத் துணிவு நமக்குக் காரைக்காற்பேய் காலத்திலேயே தெரியும்.

ஆகவே 'விக்கா' என்பதற்குச் சூனியக்காரி என்று நான் தமிழாக்க மாட்டேன். அவர்கள் தாமே சூடிய பெயரை நாம் குற்றச்சாட்டாகத் திருப்பிக் கொடுப்பது அநியாயம். அகவன்மகள் என்றும் சொல்லத் தயங்குகிறேன். அந்தப் பெயர் வேறு மண்ணில், வேறு தெய்வத்தை அழைத்துப் பாடிய பெண்களுக்கு உரியது. விக்கா என்றே இருக்கட்டும்.

அவள் கேட்காத கேள்விக்கும் என் மனதைச் சொல்லிவிடுகிறேன். பௌர்ணமியைப் பார்த்து மகிழ்வதும், பச்சிலை அறிவதும், அறுவடையைக் கொண்டாடுவதும் கிறிஸ்தவத்துக்கு வெளியே இருக்கவேண்டியவை அல்ல. தமிழ்நாட்டுக் கோயில் வாசல்களில் கத்தோலிக்கர் பொங்கல் வைக்கிறார்கள். ஆனால் வேறொரு தெய்வத்தை அழைத்து அதனிடம் வேண்டுவது வேறு. அழைத்தல் என்ற வினை இருக்கும் இடத்தில், அழைக்கப்படுபவர் யார் என்பது தப்பாமல் வந்து நிற்கும். இரண்டு பேரையும் முழுமனதாக அழைக்கலாம் என்று சொல்லும் கிறிஸ்தவர்களும் மேல்நாட்டில் இருக்கிறார்கள், தங்களைக் கிறிஸ்தவ விக்கன் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். அவர்களுடைய நேர்மையை ஐயப்பட எனக்கு உரிமை இல்லை. விவிலியத்தை நான் படித்த அளவில், அந்த வீட்டில் இன்னொரு சிம்மாசனத்துக்கு இடம் இருப்பதாகத் தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து அவள் வீட்டுக்குப் போனேன். அம்மாயி திண்ணையில், கடைசிப் பேரனை மடியில் இருத்தி, உப்பும் வரமிளகாயும் கையில் பொத்தி மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது, பிரியதத்த மந்திரம். முடித்துச் சிலுவை அடையாளம் போட்டு, மிளகாயை அடுப்பில் போட எழுந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்க வாத்தியாரே. இவ என்னமோ புதுசாப் படிக்கறாளாமா. நீங்களே கேளுங்க" என்றார்.

"என்னன்னு கேக்கறதுங்க?"

"அதுல யாரைக் கும்புடறாங்கன்னு கேளுங்க."

அவள் என்னைப் பார்த்தாள், அம்மாயியைப் பார்த்தாள். உள்ளே அடுப்பில் மிளகாய் வெடித்தது. நெடி வரவில்லை. "பாத்தியா, எம்புட்டுக் கண்ணு" என்று சொல்லிக்கொண்டே அம்மாயி காப்பி போடப் போனார். நாங்கள் இருவரும் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். அவள் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தாள்.